கிழித்து வாங்கிய ஒப்பாரி

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பால்காரன் செம்பைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் இன்றைக்கு என்ன இரவல் கேட்கப்போகிறாளோ என்று யோசிப்பேன். "உன் கண்ணுக்கு ஊரே திருட்டுப் பய" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அவர் நம்பி ஏமாந்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

அதனால் அந்த ஆளை முதலில் கவனித்தது நான்தான்.

அப்போது நாங்கள் செகந்தராபாத்தில் ரயில்வே பட்டறையை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசை முழுக்க வட ஆற்காட்டுக்காரர்கள். எதிர் வரிசையில் ஒரு சாவு. பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதுகொண்டிருந்தோம். எங்கள் வரிசையில் ஒப்பாரிக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவள் நான். முதல் அடி எடுப்பவளால் மனசு விட்டு அழ முடியாது. அடுத்த வரி என்ன, யாருக்கு மூச்சு வாங்குகிறது, இப்போது யாருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தபடியே பாட வேண்டும். அப்படிப் பார்த்தபோது கதவு வழியாக அவன் தெரிந்தான். வெளியே பெஞ்சில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு நடுவே, இருபத்தைந்து முப்பது வயசில் ஒல்லியாக ஒருவன். முழங்காலில் ஒரு நோட்டு. நாங்கள் பாடினால் அவன் பென்சில் ஓடியது. நாங்கள் மூக்கைச் சிந்த நிறுத்தினால் பென்சிலும் நின்றது.

எனக்கு அழுகை அப்படியே அடங்கிப்போயிற்று. செத்த வீட்டில் நோட்டு வைத்துக்கொண்டு எவனாவது உட்காருவானா?

டெல்லியில் கொடி ஏற்றியாகிவிட்டது, எங்கள் ஊர் மட்டும் இன்னும் நிஜாம் கையில், என்று இருந்த வருஷம் அது. தெருவுக்கு ஒரு புரளி. பட்டறையில் சங்கக் கூட்டம் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் யாரென்று பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். அந்தச் சமயத்தில் நோட்டும் பென்சிலுமாக வந்தவனை சி.ஐ.டி. என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பது? குழாயடியில் மறுநாள் அதுதான் பேச்சு. ஒருத்தி தபால்காரன் என்றாள். ஒருத்தி ஜோசியன் என்றாள். ஒருத்தி, பெண் பார்க்க வந்திருப்பானோ என்றாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள்.

என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வந்தார். "பேகம்பேட் ஏரோட்ரோமில குமாஸ்தாவாம். மதராஸ் பக்கத்துக்காரன். பாட்டு எழுதிக்கினு போறானாம். நல்ல புள்ளயா தெரியறான்."

"குமாஸ்தாவா இருந்தா சி.ஐ.டி.யா இருக்கக்கூடாதுன்னு சட்டமா?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வரிசைப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மிஷன் பள்ளிக்கூடத்தில் என் அப்பா வாட்ச்மேன். அந்தச் சலுகையில் ஐந்து வகுப்பு படித்தேன். ஊரிலிருந்து கடுதாசி வந்தால் எல்லாரும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வாயால் சொன்னால் ஒரு வாரத்தில் மறந்துபோகிற பேச்சு, காகிதத்தில் ஏறிவிட்டால் இருபது வருஷத்துக்கு மடித்து வைத்து மடித்து வைத்து எடுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் படித்துக் காட்டிய ஒரு கடுதாசியால் அக்கா தங்கை இரண்டு பேர் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. காகிதம் என்றால் எனக்கு அதனால் பயம் உண்டு.

அதிலும் ஒப்பாரியைக் காகிதத்தில் எழுதுவது என்பது எனக்குக் கேட்கவே தாங்கவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில், ஒருத்தி செத்துப்போனவரைச் சொல்லி ஆரம்பித்தாலும் நாலாவது வரியில் தன் கதைக்கு வந்துவிடுவாள். அடித்த புருஷன், ஏமாற்றிய அண்ணன், சோறு போடாத மாமியார் எல்லாம் வரும். அந்தப் புருஷனும் அண்ணனும் மாமியாரும் அங்கேயே நிற்பார்கள். கேட்டுக்கொண்டே நிற்பார்கள். ஒன்றும் சொல்லக்கூடாது. பிணம் போய், வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டால் அதோடு சரி. மறுநாள் "நீ நேத்து அப்படிப் பாடினியே" என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டதும் இல்லை. ஒருத்தி தன் சக்களத்தியைக் கிழித்துத் தோரணம் கட்டிப் பாடியதும், மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே ஆட்டுக்கல்லில் மாவாட்டியதும் என் கண்ணால் பார்த்தது. பெண்களுக்கு வாய் திறக்க இருந்தது அந்த ஒரே இடம். யாரும் எழுதி வைக்காததால்தான் அந்த இடம் இருந்தது. இப்போது ஒருத்தன் பென்சிலோடு வந்து உட்கார்ந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். என் வீட்டுக்காரர்தான் நாற்காலி போட்டார்.

"அக்கா, நீங்கதான் முதல் அடி எடுக்கறீங்கன்னு சொன்னாங்க. நீங்க பாடறதை எழுதிக்கலாமான்னு கேட்க வந்தேன்."

"எழுதி?"

"புஸ்தகமா போடணும். நலங்குப் பாட்டு போயி இப்ப கிராமபோன் பிளேட்டு வெக்கறாங்க. தொட்டில்ல சினிமாப் பாட்டு பாடறாங்க. இன்னும் பத்து வருஷத்துல ஒப்பாரியும் இருக்காது அக்கா."

"இல்லாம போனா நல்லதுதானே தம்பி. ஒருத்தரும் சாகலைன்னு அர்த்தம்."

அவன் சிரித்தான். சரியான இடத்தில் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு பாட்டு சொல்லுங்களேன்."

"இன்னா தம்பி, விளையாடறியா? பக்கத்து வீட்ல எங்க அத்தை படுத்த படுக்கையா கீது. சாவு விழாத வீட்ல அதை வாயில எடுக்கலாமா?"

"பாட வேணாம். வார்த்தையை மட்டும் சொல்லுங்க."

"அழாம வார்த்தை வராது."

அவன் குனிந்து அதையும் எழுதிக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். என் பெண்ணைப் பார்த்து எந்த வகுப்பு என்று கேட்டான். போகும்போது கும்பிட்டான். சந்தேகப்பட ஒன்றுமே இல்லாததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அவன் போனதும் பக்கத்து வீட்டிலிருந்து என் ஓரகத்தி வந்தாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே சுவரை நடுவில் வைத்துப் பத்து வருஷமாக இரண்டு குடும்பமும் இருந்தோம். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவள்கூட அப்படி இருக்கமாட்டாள். அதிகம் பேசமாட்டாள். ஒப்பாரியிலும் பின்பாட்டுதான், முதல் அடி எடுத்ததே இல்லை.

"இன்னா கேட்டான்?"

"ஒப்பாரி எழுதணுமாம். புஸ்தகம் போடுவானாம்."

"புஸ்தகத்துல போட்டா?"

"அப்படியே இருக்கும். படிக்கத் தெரிஞ்சவன் எவனும் படிப்பான். அவனை நம்பாதே அக்கா. அவன் பக்கத்துல கீறான்னா வாயை மூடிக்கோ."

"எங்கிட்ட இன்னா கீது, அவன் எடுத்துக்கினு போக?" என்று சொல்லிவிட்டு அத்தைக்குக் கஞ்சி கொடுக்கப் போய்விட்டாள்.

அவளிடம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் மார்கழியில் ஊரில் அவள் அம்மா இறந்துபோனாள். தந்தி பட்டறைக்கு வந்தது. அவள் புருஷன் — என் மூத்தார், பட்டறையில் சார்ஜ்மேன் — அதை வாங்கிப் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை. அவருடைய அம்மா, எங்கள் அத்தை, அப்போதே எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டாள். இவள் ஊருக்குப் போனால் எட்டு நாள், பத்து நாள் ஆகும், அம்மாவை யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார். தை பிறந்து அவள் தம்பி மொட்டைத் தலையோடு வந்து வாசலில் நின்று, "ஏங்கா வரலை?" என்று கேட்டபோதுதான் அவளுக்குத் தன் தாய் போன சேதி தெரியும். அவள் அப்போது அத்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அலசி முடித்துக் காயப்போட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை புருஷனைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருமுறை ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று அவர் வீசிய பித்தளை டம்ளரின் தழும்பு அவள் புருவத்துக்கு மேலே இருந்தது. பதினாறும் முடிந்துபோன சாவுக்கு அழவும் வழியில்லை. அழாமலேயே அந்த வருஷம் போயிற்று.

அத்தை ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மருமகள்களும் பக்கத்தில் இருந்தோம். நல்ல சாவுதான்.

மூத்தார் முதலில் சொன்னது இது: "ஒப்பாரி கிப்பாரி வேணாம். பட்டறையிலேருந்து ஃபோர்மேன் வராரு, ஆபீஸ்காரங்க வராங்க. மாரடிச்சுக்கினு காட்டுக்கூச்சல் போட்டா நமக்குத்தான் அசிங்கம்." சொல்லிவிட்டுத் திருமுல்கேரியிலிருந்து பேண்டு செட்டைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். பட்டாளத்தில் வாசித்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வைத்திருந்த பேண்டு. சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான். அவர்கள் வந்து சந்தில் நின்று இங்கிலீஷ் பாட்டை ஊத ஆரம்பித்தார்கள். எங்கள் வரிசைப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், இதைப் பார்த்துவிட்டு எங்கே உட்காருவது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். என் பெண்ணுக்குப் பத்து வயசு. அவள் காதோடு காதாக, "நக்கோ அம்மா, வேணாம். ஸ்கூல் டீச்சர் வந்திருக்காங்க. நீ பாடாதே" என்றாள். பெற்ற பெண்ணே ஃபோர்மேன் கட்சி.

ஒரு மணிநேரம் அப்படிப் போயிற்று. அத்தை கிடக்கிறாள், நாங்கள் வாயை மூடிக்கொண்டு பேண்டு கேட்கிறோம். அத்தையோடு ஆயிரம் சண்டை போட்டிருக்கிறேன், ஆனாலும் இப்படி ஊமையாக அவளை அனுப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது பேண்டு திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். நோட்டுக்காரன் பேண்டு மாஸ்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சிவப்புக் கோட்டுகள் எல்லாம் வாத்தியங்களைச் சுவரோரமாக வைத்துவிட்டுத் தெருமுனை இரானி கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். இவன் போகவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். இவனுக்கு யார் சேதி சொன்னது? பேண்டை இவன் ஏன் நகர்த்த வேண்டும்? இவ்வளவும் என் மனசில் ஓடியது. ஆனால் கிடைத்த நேரத்தை விட மனசில்லாமல் நான் முதல் அடியை எடுத்தேன். பெண்கள் சடாரென்று உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள்.

நான் பாடினேன். எதிர் வீட்டுக்காரி பாடினாள். அடுத்து யாருக்கு விடலாம் என்று நான் பார்ப்பதற்குள் என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் எழுந்தது. என் ஓரகத்தி.

அத்தையைச் சொல்லி இரண்டு வரி. பிறகு தன் தாய்க்குப் போய்விட்டாள்.

தந்தி வந்த சேதியெல்லாம்
சட்டைப்பைக்குள்ள போச்சு
தாயி போன சேதி மட்டும்
தை மாசம் வந்து சேர்ந்துச்சு

இன்று எனக்கு நினைவில் இருப்பது இந்த நாலு வரிதான். இருபது இருபத்தைந்து வரியாவது பாடியிருப்பாள். நாங்கள் பாடுகிற மாதிரி முத்துப் பந்தலும் பவளத் தேரும் அதில் இல்லை. அலசிய துணி வந்தது, மொட்டைத் தலை வந்தது, பட்டறைச் சங்கு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பாடினாள். ஒரு வருஷம் அடக்கி வைத்த அழுகை, தொண்டை அடைக்கிறது என்று நான் நினைத்தேன். பின்பாட்டுப் பாட வேண்டிய பெண்கள் பாட மறந்து அழுதார்கள். மூத்தார் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. ஃபோர்மேனுக்குத் தமிழ் தெரியாது, அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூத்தார் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

பெஞ்சில் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

பிணம் போனது. வீட்டைக் கழுவினோம். குளித்தோம். மூத்தார் அன்று அவள் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டார். அவள் பாடியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கம் வழக்கம்தான் என்று எனக்கு ஆறுதல். ஆனால் அந்த நோட்டு? அது குளிக்கவில்லையே. நாளைக்கு அவன் புத்தகம் போடுவான். மூத்தார் தினமும் தமிழ்ப் பேப்பர் வரி விடாமல் படிக்கிறவர். பட்டறையில் எவனாவது புத்தகத்தைக் கொண்டுவந்து "சார்ஜ்மேன், இது உங்க வீட்டுக் கதை மாதிரி கீதே" என்று நீட்டினால், அன்று சாயங்காலம் அவள் கதி என்ன? காதில் விழுந்ததை விட்டுவிட்ட மனுஷன், அச்சில் வந்ததை விடுவாரா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினாறு முடிந்த மறுநாள், கண்ணுக்கு மருந்து போட ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பேகம்பேட் பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் அதுவரை போனதில்லை. ஏரோட்ரோம் வாசலில் நின்ற சிப்பாய், "கோன் ஹோனா?" என்று, யார் வேண்டும் எனக் கேட்டு ஏற இறங்கப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் மதராஸ் குமாஸ்தா என்று சொல்லிப் புரிய வைத்தேன். அவன் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நோட்டுக்காரன் காதில் பென்சிலோடு ஓடி வந்தான். வாசல் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். அழகான கையெழுத்து. மேலே, 'மாமியார் சாவில் மருமகள் தன் தாய்க்குப் பாடியது' என்று தலைப்பு. வரி வரியாக, அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, மற்ற பெண்கள் அழுத இடத்தில் ஒரு கோடு போட்டு, ஒன்று விடாமல் எழுதியிருந்தான். நான் படித்தேன். ஆனால் பாட்டைப் படிக்கவில்லை. ஆபத்து எந்தெந்த வார்த்தையில் இருக்கிறது என்று தேடினேன். 'தந்தி' இருந்தது. 'பட்டறை' இருந்தது. 'சட்டைப்பை' இருந்தது.

"இதைக் கிழிச்சுக் குடு."

"அக்கா, பேர் போடமாட்டேன். ஊர்கூடப் போடமாட்டேன்."

"தந்தின்னு ஒரு வார்த்தை போதும். எங்க வரிசை முழுக்கத் தெரியும்."

அவன் நோட்டை மூடவில்லை. "நானும் எத்தனையோ சாவு வீட்டுல உட்கார்ந்து எழுதியிருக்கேன் அக்கா. எல்லாத்துலயும் அதே பந்தல், அதே பவளம். இது மாதிரி ஒண்ணுகூட இல்லை. இது ஒண்ணுக்காகவே புஸ்தகம் போடலாம்."

"அதுக்கு அவ அடி வாங்கணுமா?"

அவன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு கேட்டான்: "அவங்களைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு எழுத்தே தெரியாது. அவளைப் போய் இன்னா கேக்கறது?" என்று சொன்னேன். இதே வார்த்தைகள்தான். இன்றுவரை இதில் ஓர் எழுத்து எனக்கு மறக்கவில்லை.

அவன் கிழித்தான். கோணாமல், பைண்டு பிரியாமல், மெதுவாகக் கிழித்தான். அதுவும் எனக்குப் போதவில்லை. நகல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அவன் அம்மா மேல் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்த பிறகும் நோட்டை வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தேன், பையைக் காட்டச் சொன்னேன். காட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு களைப்பு இருந்தது. இப்படி மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறானே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கரி அடுப்பில் போட்டேன். முழுசாக எரிந்ததா என்று குச்சியால் கிளறிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. உனக்குத் தெரியாமலேயே உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மதராஸ் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். பாட்டெல்லாம் யாருக்கு நினைவு வரும், அந்த மாதங்களில்? எங்கே கலவரம், யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்பதுதான் பேச்சு. பாதிக் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இரண்டு குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே இருந்தோம். பிறகு ராணுவம் வந்தது, நிஜாம் ஆட்சி முடிந்தது, தபால் மறுபடி ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அப்படி வந்த தபாலில் என் பேருக்கு ஒரு கட்டு. ஒல்லியான புத்தகம், உள்ளே ஒரு கடுதாசி. கடுதாசியை முதலில் படித்தேன். "அக்கா, நீங்கள் கேட்டுக்கொண்டபடி அந்தப் பாட்டு இதில் இல்லை. நகல் எதுவும் என்னிடம் இல்லை. அதைப் பாடியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். போனால் போகிறது என்று முதல்முறையாக அவனைப் பற்றி நல்லதாக நினைத்தேன்.

புத்தகத்தை மூடுவதற்குள் அவள் வந்துவிட்டாள். தபால்காரன் சொல்லியிருக்கிறான். மாவாட்டிக்கொண்டிருந்தவள், கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சா? அந்தப் புஸ்தகம்தானே?"

"ஆமாக்கா."

"என்னுது எங்க கீது? படி."

"எது?" என்று கேட்டேன்.

"அத்தை சாவுல நான் பாடினது. எங்கம்மாவுக்கு. அவன் எழுதினானே."

"அவன் எழுதினது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? அவன் எழுதட்டும்னுதானே நிறுத்தி நிறுத்திப் பாடினேன். பென்சில் நின்னதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வரி எடுத்தேன்." அவள் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "எல்லாரும் குளிச்சீங்க, போச்சுன்னீங்க. குளிச்சா போயிடற அழுகையா எங்கம்மாவுக்கு? எங்கனாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்னு பார்த்தேன்."

"உன் வீட்டுக்காரரு படிச்சிருந்தா?"

"படிக்கட்டும். வாயைத் திறந்து என்னால கேக்க முடியலை. அச்சுல வந்தா படிக்கத்தானே வேணும் அவரு. இன்னா பண்ணிடுவாரு? இன்னொரு தழும்பு, அவ்ளோதானே. நீ படி."

நான் புத்தகத்தைப் பிரித்தேன். எதிர் வீட்டுக்காரியுடையது இருந்தது. என்னுடையது இரண்டு இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். அவளுடையது இருக்காது என்று எனக்குத் தெரியும், என் கையாலேயே அடுப்பில் கிளறியிருக்கிறேன். ஆனாலும் தேடினேன். அவன் என்னிடம் பொய் சொல்லியிருக்கக்கூடாதா, திருட்டுத்தனமாக ஒரு நகல் வைத்திருந்து வேறு தலைப்பில் எங்காவது செருகியிருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே தேடினேன். கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். அவன் யோக்கியன். பொய் சொல்லவில்லை.

"இல்லைக்கா."

"நல்லா பாரு."

மறுபடி முதலிலிருந்து திருப்பினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்ப சொல்லுக்கா, நான் எழுதறேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. பெண்ணின் பள்ளிக்கூட நோட்டு பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வரலை. அன்னிக்கு வந்துச்சு. இன்னிக்கு எங்கேருந்து வரும்?"

அந்தக் கடுதாசி என் மடியில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். "அதுல இன்னா எழுதியிருக்கான்?"

எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். மூன்றே வரி. "எல்லாரையும் விசாரிச்சிருக்கான். உனக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருக்கான்."

"வணக்கமா?" அவள் கையில் காய்ந்துபோன மாவைச் சுரண்டிக்கொண்டே எழுந்தாள். "அவன் பொழைப்புக்கு எது வேணுமோ அதைப் போட்டுக்கினான். என்னுதைத் தூக்கிப் போட்டுட்டான். நீ அப்பவே சொன்னே, அவனை நம்பாதேன்னு. நான்தான் கேக்கலை."

"ஆமாக்கா" என்றேன்.